கடவுள் நம்பிக்கை இல்லாதவர் ‘கடவுளே’ என்று சொல்லலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா கருப்புச்சட்டைக்காரர். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். எனக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் என் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சாமியும் விதியும் புண்ணியமும் வந்து போகும். சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் வீட்டுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் இதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கடவுள் இல்லை என்கிறீர்கள். அடிபட்டால் மட்டும் ‘கடவுளே’ என்கிறீர்களே?

எனக்குப் பத்து வயதிருக்கும். கடையில் அப்பா நசுங்கிப்போன மட்கார்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். சுத்தியல் வழுக்கிக் கட்டைவிரலில் விழுந்தது. “முருகா!” என்று கத்திவிட்டார். பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர் சிரித்தபடி, “என்னண்ணே, கருப்புச்சட்டையைப் போட்டுக்கிட்டு முருகனைக் கூப்பிடுறீங்க?” என்றார். அப்பா விரலைத் தண்ணீர்த் தொட்டியில், டியூபை அமுக்கிக் காற்று பார்ப்போமே அந்தத் தொட்டியில், முக்கிவைத்துக்கொண்டு சொன்னார்: “எங்கம்மா வார்த்தைங்க அது. அடிபட்டா அம்மா ஞாபகம் வராதா?”

இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. நாம் பேசும் மொழியை நாம் செய்யவில்லை. அது அம்மாவும் பாட்டியும் தெருவும் ஊட்டிவிட்டது. பாட்டி சூடுபட்டால் முருகா என்பாள், உட்கார்ந்தால் முருகா, எழுந்தால் முருகா. அந்தச் சத்தம்தான் வலிக்கான சத்தம் என்று அப்பாவுக்கு மூன்று வயதிலேயே பதிந்துவிட்டது. கடவுள் உண்டா இல்லையா என்று அவர் யோசிக்க ஆரம்பித்தது இருபது வயதில்.

அப்படியென்றால் ஆழ்மனதில் நம்பிக்கை ஒளிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. கல் தடுக்கினால் எல்லோரும் ‘அம்மா’ என்கிறோம். அம்மா ஓடிவந்து தூக்குவாள் என்று எண்ணியா சொல்கிறோம்? அம்மா இறந்து முப்பது வருடம் ஆனவரும் அதையேதான் சொல்கிறார்.

நாம் யோசித்துக் கோத்துப் பேசும் பேச்சு ஒன்று. யோசிக்காமல் மொத்தமாகக் கொட்டும் பேச்சு இன்னொன்று. ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் தண்ணீர் வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்க்கத் தடுமாறுவார்கள். ஆனால் கோபம் வந்தால் வசவு சுளுவாக வரும், பழகிய வார்த்தைகள் வரும், சிலருக்குப் பிரார்த்தனை வரிகள்கூடத் தடையின்றி வரும். ‘ஐயோ கடவுளே’ இந்த இரண்டாவது வகை. அது வாக்கியமே இல்லை, விக்கல் மாதிரி. விக்கலை வைத்து ஒருவரின் கொள்கையை எடைபோட முடியாது.

வேறு என்னென்ன சொல்கிறீர்கள்?

எல்லாம்தான். தமிழில் கோயிலைத் தொடாமல் ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள், கஷ்டம் தெரியும். வேலையை ஆரம்பித்தால் பிள்ளையார் சுழி. முடிந்தால் மங்களம் பாடியாச்சு. வீட்டுக்கு லேட்டாகப் போனால் அர்ச்சனை. சீட்டுக்காரர் ஓடிப்போனால் பணம் கோவிந்தா, அவர் போட்டது பட்டை நாமம். வம்பு வந்தால் ஏழரை. சண்டை மூட்டிவிட்டால் நாரதர் வேலை. நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவர் சிவபூஜையில் கரடி. அதிகாரி ஒப்புக்கொண்டும் எழுத்தர் இழுத்தடித்தால், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்.

இவற்றைக் கொஞ்சம் கவனியுங்கள். எதிலும் பக்தி இல்லை. திருப்பதி மலையேறுகிறவர்கள் உருகிச் சொல்லும் ‘கோவிந்தா’தான் காசு தொலைந்ததற்கும் பெயர். நெற்றியில் இடும் நாமம்தான் ஏமாற்றத்துக்கும் பெயர். இந்தச் சொலவடைகளை உண்டாக்கியவர்கள் கடவுள் மறுப்பாளர்கள் அல்ல. கோயில் வாசலிலேயே பிறந்து வளர்ந்து, சாமியோடு சொந்தக்காரர் மாதிரி உரிமை எடுத்துக்கொண்ட ஜனங்கள். நாமம் இடுகிற பக்தரும் ‘நாமம் போட்டுட்டான்யா’ என்று கூசாமல் சொல்கிறார். அந்த உரிமை எனக்கும் உண்டு. நானும் அதே தெருவில் வளர்ந்தவன்.

அப்பா கடைக் கணக்கு நோட்டில் மேலே ‘உ’ போட மாட்டார். பெரியார் 1953-ல் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தியதைப் பெருமையாகச் சொல்வார். அதே வாயால், புது வேலை வந்தால் “பிள்ளையார் சுழி போட்டாச்சு, ஒரு டீ சொல்லு” என்பார். ஒன்று அவர் செய்கிற காரியம், மற்றது அவர் பேசுகிற தமிழ். நான் பார்த்தவரை அவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

இவற்றில் எந்த ஒரு சொல்லை விடவே மாட்டேன் என்பீர்கள்?

‘பாவம்’.

மதம் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த பொருள் கடுமையானது. செய்யக்கூடாததைச் செய்த குற்றம், அதற்கான தண்டனை, நரகம். புண்ணியத்துக்கு எதிர். ஆனால் நம் வீடுகளில் அது என்னவாக மாறியிருக்கிறது பாருங்கள். மழையில் நனைந்து திண்ணை ஓரம் ஒண்டியிருக்கும் நாய்க்குட்டியைப் பார்த்து, “பாவம்டி, உள்ள விடு” என்கிறோம். பரீட்சையில் ஒரு மார்க்கில் போன பையனைப் பார்த்து, “ஐயோ பாவம்” என்கிறோம். நாய்க்குட்டி எந்தக் குற்றமும் செய்யவில்லை. குற்றவாளியைச் சுட்ட வந்த சொல்லை, கஷ்டப்படுகிற ஜீவனின் மேல் இரக்கமாகப் போர்த்திவிட்டார்கள். எந்தப் பண்டிதரும் கூடி முடிவெடுத்துச் செய்ததல்ல இது. சமையல்கட்டிலும் குழாயடியிலும் பேசிப் பேசியே நடந்தது.

‘பரிதாபம்’ என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். செய்தித்தாள் தலைப்பு மாதிரி இருக்கிறது. ‘இரக்கத்துக்குரியது’ என்றால் நாய்க்குட்டி நனைந்தே செத்துவிடும். ‘பாவம்’ என்ற சொல்லில் மட்டும்தான் கை தானாக நீளுகிறது. அதனால் அதை நான் விட மாட்டேன்.

பெரியார் இயக்கமே எத்தனையோ சொற்களை மாற்றியதே? நீங்கள் மட்டும் ஏன் பழசைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

மாற்றினார்கள், நல்ல காரியம் செய்தார்கள். ‘நமஸ்காரம்’ போய் ‘வணக்கம்’ வந்தது. மேடையில் ‘மகாஜனங்களே’ போய் ‘தோழர்களே’ வந்தது. விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை, வாழ்க்கை ஒப்பந்த அழைப்பிதழ் ஆனது. 1967-ல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லும் என்று ஆக்கியது. அதே ஆட்சிதான் அரசுக் கடிதங்களில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரியை எடுத்துவிட்டுத் திரு, திருமதி, செல்வியைக் கொண்டுவந்தது. ஆட்களின் பெயரும் மாறியது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார், சாரங்கபாணி வீரமணி ஆனார்.

ஆனால் புதிதாக வந்த சொற்களின் வேரையும் பாருங்கள். வணக்கம் என்றால் வணங்குதல். கோயிலில் செய்வதும் அதுதான். ‘திரு’வோ திருமகள், திருக்கோயில், திருநீறு எல்லாவற்றிலும் இருக்கும் திரு. கடவுள் இல்லவே இல்லை என்று சொன்ன பெரியாரின் இயற்பெயர் ராமசாமி. அதை அவர் கடைசிவரை மாற்றவில்லை, ஈ.வெ.ராமசாமி என்றே கையெழுத்துப் போட்டார். சொல்லின் வேரில் சாமி இருக்கிறதா என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தச் சொல் யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது என்பதையே பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வயலில் வேலை செய்தவர்கள் மிராசுதாரை ‘ஆண்டை’ என்றும் ஐயர் வீட்டு ஆட்களை ‘சாமி’ என்றும் கூப்பிட்டாக வேண்டும். எழுபது வயதுக் கிழவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்து வயதுப் பையனை ‘சின்ன சாமி’ என்பார். அப்பா எரிச்சலோடு சொல்வார்: “நான் ‘முருகா’ன்னு கத்தினா வலிக்கிறது எனக்கு மட்டும்தான். அந்தக் கிழவன் ‘சாமி’ன்னு சொன்னா, அவன் பேரப்பிள்ளைக்கும் சேர்த்துக் கூன் விழுது.” எதிர்த்துப் போராட வேண்டிய ‘சாமி’ அது. அது இப்போது பெரும்பாலும் ஒழிந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

பதவியேற்பிலும் நீதிமன்றத்திலும் கடவுள் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் உறுதிமொழி வாசகத்தில் இரண்டு வழி இருக்கிறது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். 2021 மே 7-ம் தேதி மு.க.ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்றபோது இரண்டாவதைத்தான் சொன்னார். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவருக்கும் 1969-ம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டம் இதே உரிமையைத் தருகிறது. நீங்கள் சாட்சி சொல்லப் போனால், எழுத்தர் வழக்கப்படி ‘கடவுள் சாட்சியாக’ என்று எடுத்துக்கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், சுலபமாக முடிந்துவிடும்.

இந்த உரிமைக்கு இங்கிலாந்தில் ஒருவர் பட்ட பாடு பெரிது. சார்லஸ் பிராட்லா 1880-ல் நாடாளுமன்றத் தேர்தலில் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்தார். நாத்திகர் என்பதால் உறுதிமொழி விஷயத்தில் தகராறு வந்து, உள்ளே உட்கார விடவில்லை. மறுபடி மறுபடி தேர்தலில் நின்று ஜெயித்தும் 1886-ல்தான் இடம் கிடைத்தது. 1888-ல் சட்டமே மாறியது. அவருடைய கருத்துகளைப் படித்தவர்கள் அதே 1880-களில் சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒன்று வைத்து, ‘தத்துவவிவேசினி’ என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தினார்கள். பெரியாரின் ‘குடி அரசு’ பத்திரிகை வந்தது 1925-ல். அதற்கு நாற்பது வருடம் முன்னாலேயே இந்தப் பேச்சு தமிழில் நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இங்கே மட்டும் நான் கறாராக இருப்பேன். வாய் தவறி வரும் ‘கடவுளே’ வேறு. நாலு பேர் முன்னால் யோசித்துக் கொடுக்கும் வாக்கு வேறு. வாக்கு என்றால் நான் நம்புகிற ஒன்றின் மேல்தான் கொடுக்க வேண்டும்.

‘சத்தியமா’ என்று சொல்லலாமா?

தாராளமாக. சத்தியம் என்றால் உண்மை. ‘சாமி சத்தியமா’ என்று குழந்தைகள் சொன்னால், சாமியை விட்டுவிட்டுச் சொல்லு, நம்புகிறேன் என்பேன்.

சாவு வீட்டில் என்ன சொல்வது? ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று சொல்ல மனசு வரவில்லை.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கிறவர்கள் உண்மையாகவே தவிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அப்பா இறந்தபோது துக்கச் செய்தி அடிக்க நானும் தம்பியும் அச்சகத்துக்குப் போனோம். அங்கே கணினியில் தயாராக ஒரு மாதிரி வைத்திருந்தார்கள். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று இருந்தது. மேலே ஒரு விளக்குப் படம். தம்பி, “இதை மாத்தணும்ண்ணே” என்றான். அச்சகக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “சைக்கிள் கடைக்காரரா? எனக்குத் தெரியுமே” என்றவர், நாங்கள் சொல்வதற்குள் தானே அந்த வரியை அழித்து ‘இயற்கை எய்தினார்’ என்று அடித்தார். விளக்கையும் எடுத்துவிட்டார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. இறந்தவர் எப்படி வாழ்ந்தாரோ அந்த வார்த்தையைத்தான் அவருக்குப் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அத்தை அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, “என்ன விட்டுட்டு அம்மாகிட்ட போயிட்டியா, சாமிகிட்ட போயிட்டியா” என்று அழுதுகொண்டிருந்தாள். இயக்கத் தோழர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். ஒருவரும் அத்தையைத் திருத்தவில்லை. வயதான தோழர் ஒருவர் குனிந்து அவள் கையில் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து, “குடிங்கம்மா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க” என்றார்.

அதைத்தான் நானும் பின்பற்றுகிறேன். ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று நான் சொல்வதில்லை. நம்பாத ஒன்றைத் துக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘ஆழ்ந்த இரங்கல்’ எழுத்துக்குச் சரி, வாயால் சொன்னால் விறைப்பாக இருக்கிறது. நம் ஊர்ச் சாவு வீடுகளில் பேச்சு முக்கியமில்லை என்பது ஒரு பெரிய ஆறுதல். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம். எப்படி ஆச்சு என்று கேட்கலாம், அவர்கள் பத்தாவது தடவையாகச் சொல்லும் கதையை முழுசாகக் கேட்கலாம். போனவர் உங்களுக்குச் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லலாம். அவர்கள் “கடவுள் கூட்டிக்கிட்டான்” என்றால் தலையாட்டுங்கள். அது அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பு. அந்த நேரத்தில் அதைப் பிடுங்குவதற்குப் பெயர் பகுத்தறிவு இல்லை.

‘தலையெழுத்து’, ‘கர்மா’, ‘போன ஜென்மத்துப் பாவம்’ இவையும் வெறும் வழக்குச் சொற்கள்தானே?

இங்கேதான் நான் நிற்பேன். இல்லை.

பஸ்ஸைத் தவறவிட்டு, “எல்லாம் என் தலையெழுத்து” என்று ஒருவர் தன்னையே நொந்துகொண்டால் சரி, யாருக்கும் நஷ்டமில்லை. அதையே அடுத்தவர் மேல் வைத்துச் சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது.

எங்கள் உறவில் ஒரு அக்காவின் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். உட்கார வைக்க ஆள் வேண்டும், சோறு ஊட்ட ஆள் வேண்டும். ஒரு காதுகுத்து விழாவில் அக்கா அந்தக் குழந்தையை மடியில் வைத்துச் சாம்பார் சாதத்தை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயோரம் வழிவதை முந்தானையால் துடைத்துத் துடைத்து ஊட்டுகிறாள். எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர், பக்கத்து இலைக்காரரிடம் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “எந்த ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சோ.” அக்காவுக்குக் கேட்டது. அவள் கை நின்றது. மிச்சச் சோற்றை இலையில் உதறிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதன் பிறகு நாலு வருடம் எந்த விசேஷத்துக்கும் அவள் வரவில்லை.

அந்த ஒரு வாக்கியம் என்ன செய்தது என்று பாருங்கள். பிரசவ நேரத்தில் நடந்ததையோ, மருத்துவத்தையோ, பயிற்சியையோ பற்றி யாரும் பேசவே வேண்டாம் என்று ஆக்கிவிட்டது. குற்றத்தைக் குழந்தை மேலேயே போட்டுவிட்டது. உதவ வேண்டியவர்களுக்கு நிம்மதியாகச் சாப்பிட ஒரு காரணம் கொடுத்துவிட்டது. சாதியில் கீழே பிறந்தவனுக்கும், புருஷனை இழந்தவளுக்கும், பிள்ளை இல்லாதவளுக்கும் இதே வாக்கியத்தைத்தான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். ‘ராசியில்லாதவ’, ‘தீட்டு’, ‘குடுத்து வச்சது அவ்வளவுதான்’ எல்லாம் இதே வரிசை.

இப்போது பிள்ளைகள் ‘கர்மா’ என்று ஸ்டைலாகச் சொல்கிறார்கள். ஏமாற்றியவன் ஏமாந்தால் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. வெள்ளத்தில் வீடு போனவனைப் பார்த்துச் சொன்னால் பேச்சை நிறுத்திக் கேட்டுவிடுவேன்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் தங்கள் வாயைக் காவல் காப்பதென்றால் இந்த வாசலில் காக்க வேண்டும். ‘ஐயோ கடவுளே’ வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொள்கிற தோழர் ஒருவர், அடுத்த நிமிடமே ‘அவன் தலைவிதி’ என்று இன்னொருவரைப் பற்றிச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

‘சனியன்’, ‘மூதேவி’?

ஃபோன் சார்ஜ் ஏறாவிட்டால் ‘சனியன்’ என்று அதைத் திட்டுங்கள், அதற்கு வலிக்காது. ஆனால் ‘மூதேவி’யைக் கொஞ்சம் கவனியுங்கள். அது ஏறக்குறைய எப்போதும் வீட்டுப் பெண்கள் மேல்தான் விழுகிறது. தூங்கினால் மூதேவி, விளக்கு வைக்கும் நேரத்தில் தலைவாரினால் மூதேவி. ஆண்பிள்ளை மத்தியானம்வரை தூங்கினால் அசதி என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

‘கடவுள் புண்ணியத்துல ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது’ என்று சொல்லும்போது என்ன செய்வீர்கள்?

சொல்கிறவர் நோயாளி வீட்டுக்காரர் என்றால் சந்தோஷப்படுவேன், அவ்வளவுதான். நானே சொல்ல நேர்ந்தால் ஆளைச் சொல்வேன். என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்த இரவில் ஒரு நர்ஸ் மணிக்கு ஒரு தடவை வந்து ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். விடியற்காலை நாலு மணிக்கு அழுத்தம் இறங்குவதைக் கண்டுபிடித்து டாக்டரை எழுப்பியதும் அவர்தான். அந்த இரவைப் பற்றிப் பேசும்போது புண்ணியம் அவர் கணக்கில்தான் போக வேண்டும் என்று நினைக்கிறேன். ‘உங்களுக்குக் கோடி புண்ணியம் சிஸ்டர்’ என்று அவரிடமே சொன்னேன். புண்ணியக் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் மேலே இருக்கிறார் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆனால் தமிழில் நன்றியை அந்த அளவுக்குச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. ‘தேங்க்ஸ்’ என்று சொல்லிவிட்டுப் போகிற காரியமா அது?

செய்தித்தாளில் ‘தெய்வாதீனமாக உயிர் தப்பினர்’ என்று படித்தால் மட்டும் கொஞ்சம் ஆதங்கம் வரும். சரியான நேரத்தில் பிரேக் போட்ட டிரைவருக்கு ஒரு பெயர் இருக்குமே.

மற்ற நாட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

இதையேதான். ஆங்கிலத்தில் போய்வருகிறேன் என்று சொல்லும் ‘குட்பை’, ‘கடவுள் உங்களோடு இருப்பாராக’ என்ற வாக்கியம் தேய்ந்து வந்தது. ஸ்பானிய மொழியில் ‘ஓஹலா’ என்றால் ‘அப்படி நடக்கட்டும்’. அரபியில் அல்லாஹ் நாடினால் என்று சொன்னதிலிருந்து வந்த சொல் அது, ஸ்பெயின் நாட்டுக் கிறிஸ்தவர்களும் நாத்திகர்களும் நினைவே இல்லாமல் சொல்கிறார்கள்.

ரஷ்யக் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே நன்றி என்பதற்கு ‘ஸ்பசீபா’ என்பார்கள். ‘கடவுள் காப்பாற்றட்டும்’ என்பதன் தேய்ந்த வடிவம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயரோ ‘உயிர்த்தெழுதல்’, ஏசு உயிர்த்தெழுந்த நாள். மதத்தை ஒழிக்க அரசே முனைந்து நின்ற சோவியத் காலத்திலும் எல்லோரும் ஸ்பசீபாதான் சொன்னார்கள். 1929-ல் ஏழு நாள் வாரத்தையே எடுத்துப் பார்த்தார்கள். ஞாயிறு என்ற பொது விடுமுறை இல்லாமல் போனது. 1940-ல் பழைய வாரமே திரும்பி வந்தது, பழைய பெயரோடு. நாமும் செவ்வாய், சனி என்றுதான் கிழமை சொல்கிறோம். கிரகத்துக்குப் பயந்தா சொல்கிறோம்?

ஐன்ஸ்டீனே கடவுளைப் பற்றிப் பேசியிருக்கிறார், ‘கடவுள் துகள்’ என்று விஞ்ஞானமே சொல்கிறது என்கிறார்களே?

ஐன்ஸ்டீன் 1926-ல் இன்னொரு இயற்பியலாளரான மாக்ஸ் பார்னுக்கு எழுதிய கடிதத்தில், ‘அவர்’ பகடை ஆடுவதில்லை என்ற பொருளில் எழுதினார். இயற்கை விதிகள் தற்செயலில் நடப்பதில்லை என்ற தன் எண்ணத்தைச் சொல்ல அவருக்குக் கிடைத்த பேச்சு வழக்கு அது. வேண்டுதல் கேட்டு வரம் தரும் கடவுளை அவர் நம்பவில்லை. ‘கடவுள் துகள்’ என்பது இயற்பியலாளர் லியான் லெடர்மன் 1993-ல், ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகளைப் பற்றிய தன் புத்தகத்துக்கு வைத்த பெயர். அந்தத் துகளை முன்கூட்டியே சொன்ன பீட்டர் ஹிக்ஸ் ஒரு நாத்திகர், அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. 2012 ஜூலையில் ஜெனீவா அருகே அது கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தபோது, நம் ஊர்த் தொலைக்காட்சியில் கடவுளையே கண்டுபிடித்துவிட்ட மாதிரி பேசினார்கள். உருவகத்தை வைத்துச் சாட்சி சொல்ல முடியாது. என்னுடைய ‘முருகா’வுக்கும் இதே நியாயம்தான்.

முஸ்லிம் நண்பர் ‘இன்ஷா அல்லாஹ்’ என்றால்? பாதிரியார் ‘ஆசீர்வாதம்’ என்றால்?

சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்கிறேன், உங்கள் மேல் அமைதி உண்டாகட்டும் என்பதில் மறுக்க என்ன இருக்கிறது? ‘இன்ஷா அல்லாஹ், நாளைக்கு வர்றேன் பாய்’ என்று நண்பரிடம் நானே சொல்வதுண்டு. நாளை என் கையில் முழுசாக இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேனே. ஆசீர்வதித்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு மனிதர் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்கிறார்.

பிள்ளைகளை எப்படி வளர்ப்பது? பாட்டி ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்கிறாள்.

பாட்டியிடம் பக்குவமாகப் பேசி அந்த ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். என் மகளுக்கு நாலு வயதில் இதைச் சொல்லி, ராத்திரி அவள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு தூங்கினாள். கையை விலக்கினால் பதறி எழுந்தாள். மறுநாள் என் மாமியாரிடம் அதைச் சொன்னேன். அவர் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர். “ஐயையோ, என் சாமி அப்படிப்பட்டவர் இல்லப்பா” என்று அவரே பேத்தியை மடியில் வைத்துச் சமாதானம் சொன்னார். மற்றபடி பாட்டி ‘முருகா’ என்று உட்காரட்டும், பிள்ளை கேட்டு வளரட்டும். பெரியவளான பிறகு அவளே முடிவு செய்துகொள்வாள், என் அப்பா செய்த மாதிரி.

கடைசியாக ஒன்று. யாராவது தும்மினால் என்ன சொல்வீர்கள்?

‘நூறு.’ மறுபடி தும்மினால் ‘இருநூறு’. எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து அதுதான்.